ஒரு ஜாண் தள்ளி

மேடையில் பாடுகிறவர்கள் மைக்கைத் தின்பதுபோல் பாடுகிறார்கள் என்று மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டில் கிண்டல் செய்வோம். எங்களுக்குப் பாட்டு என்றால் சபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மைக்குக்கு ஒரு ஜாண் தள்ளி, அது இருப்பதே தெரியாததுபோல் பாடுவது. வங்கி வேலையில் இருந்துகொண்டு, நாற்பது வயதில் தாராவி மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தபோதும் அந்த ஒரு ஜாண் என் கூடவே வந்தது.

உண்மையான காரணம் எச்சில். குழுவுக்கு இரண்டு மைக்குகள். ஐந்து பேர் மாற்றி மாற்றி வாயோடு வைத்துப் பாடுவார்கள். அதை உதட்டருகே கொண்டுபோனாலே எனக்குக் குமட்டும். வெளியே சொல்ல முடியுமா? கொரோனா வந்து நல்ல சாக்கைக் கொடுத்தது. எல்லோருக்கும் பயம் விட்டுப்போன பிறகும் நான் மட்டும் அதை விடவில்லை.

தாராவி மேடை நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்ட அளவுதான். முதுகில் இடிக்கிற தூரத்தில் டிரம்ஸ், காலடியில் ஸ்பீக்கர் பெட்டி. தள்ளி நின்று பாடினால் என் குரல் எனக்கே கேட்காது. கொரோனா ஓய்ந்த பின் மூன்று நிகழ்ச்சி பார்த்துவிட்டு, குழுவை நடத்துபவர், இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாரம் முழுக்க கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த மேடை ஒன்றுதான் இருந்தது.

கடைக்குப் போய், தூரத்தில் நின்றாலும் குரலை நுணுக்கமாக எடுக்கிற மைக் எது என்று கேட்டு, இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கினேன். வீட்டில் அற்புதமாக இருந்தது. மேடையில் என்னைவிட டிரம்ஸைத்தான் அது ஆசையாகக் கேட்டது. சவுண்ட் வைப்பவர் கூட்டினால் ஊளையிட்டது. குறைத்தால் நான் காணாமல் போனேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். தாராவியில் சொந்தமாக மைக் செட் கடை வைத்திருப்பவர். தலையில் அடித்துக்கொண்டார்.

“எக்கா, இது ஸ்டுடியோ மைக்கு, எல்லாத்தையும் கேக்கும். நம்ம ஸ்டேஜுக்கு காது மந்தமான மைக்குதான் வேணும். வாயில ஒட்டி வச்சாத்தான் அதுக்குக் கேக்கும். அவ்வளவுதான்.”

மறுநாள் அவர் கடையில் நாலைந்தைப் பிடித்துப் பாடிப் பார்த்து, கனமான ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டேன். என் வாய், என் எச்சில். உதட்டை ஒட்டிப் பாடினேன். கூட்டம் முதல்முறையாக எனக்குக் கைதட்டியது. பாடி முடித்ததும் மைக்கைத் துணிப்பையில் போட்டு நாடாவை இழுத்துவிடுவேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் தாராவியில் அம்மன் கோவில் கொடை விழாவுக்குப் பாடினோம். குழுவின் இன்னொரு பாடகி பிறந்து வளர்ந்த தெரு அது. பகலில் எம்பிராய்டரி பட்டறையில் வேலை செய்பவள். தெருக்கோடி வரை கேட்கிற குரல். அவள் அம்மா முன்வரிசையில் இருந்தார். குழுவின் ஒரு மைக் ரிப்பேருக்குப் போயிருந்தது. இன்னொன்று அவள் பாட எழுந்த நேரம் பார்த்துக் கரகரத்து அடங்கியது. சவுண்டுக்காரரின் உபரி மைக்குகள் செம்பூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தன. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

ஒரு நொடி தயங்கினேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பிறகு நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: “உங்களுக்கு ஒத்துக்காதுன்னு தெரியும்க்கா. நான் படாமப் பாடிருதேன்.”

சொன்னபடியே ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துப் பாடினாள். டிரம்ஸ் அவளை விழுங்கிவிட்டது. முன்வரிசையில் அவள் அம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய், “வாயோட சேர்த்து வச்சுக்கோ, நன்னா ஒட்டி” என்றேன். அவள் கேட்கவில்லை. அவள் கைமேல் என் கையை வைத்து மைக்கை உதட்டோடு அழுத்தினேன். அதன் பிறகுதான் அவள் குரல் தெருவுக்குள் போனது. அவள் அம்மா கையை இறக்கினார்.

அடுத்த பாட்டு என்னுடையது. மைக்கைத் தருவதற்கு முன் அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். அழுத்தி, சுற்றிச் சுற்றி, மூன்று தடவை. துடைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.