மூச்சுவிட மறந்த பிள்ளை

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எழுபதுகளின் கடைசி அது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்.

"தூங்கும்போது மூச்சு விடணும்னு நாம நெனைக்கிறதில்ல. மூளையோட அடிப்பகுதி அதைப் பாத்துக்குது. உன் பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் முழுசா வளரல. சில நேரம் மறந்துடும். அப்ப உள்ளங்காலைச் சுண்டு."

"எத்தினி நாளைக்கும்மா?"

"வளர வளரச் சரியாப் போயிடும்."

வில்லியனூரில் எங்கள் மளிகைக்கடைக்குப் பின்பக்கம்தான் வீடு. பிள்ளையைத் தூளியில் போடவில்லை; ஆடினால் மார்பு அசைவது தெரியாது. தரையில் துணி விரித்துக் கிடத்தினேன். நாலைந்து மூச்சு வேகமாக விடுவாள், நிறுத்துவாள், மறுபடி விடுவாள். நிறுத்தும்போதெல்லாம் எனக்கும் மூச்சு நின்றது. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு ஓடிவருவேன். பருப்பு தீயும். வீட்டுக்காரர் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, மூச்சு வுடுதா?" என்பார்.

எனக்கு ஒத்தாசைக்கு பாகூரிலிருந்து வந்திருந்த நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. "தூங்குற பிள்ளைய சுண்டிச் சுண்டி எழுப்பினா எப்பிடிடி சதை வைக்கும்? உனக்குத்தான் இன்னாவோ புடிச்சிருக்கு" என்று ஒருநாள் காலையில் என்னைக் குளிக்கத் துரத்தினார்.

ரெண்டு சொம்புகூட ஊற்றியிருக்க மாட்டேன். மனசு கேட்கவில்லை. ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். நாத்தனார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பிள்ளையின் உதட்டைச் சுற்றி நீலம் பூத்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். அசையவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன், முதுகைத் தேய்த்தேன். ஒரு கேவல் வந்தது, பிறகு அழுகை.

நாத்தனார் சுவரில் சாய்ந்துவிட்டார். "தூங்குதுன்னுதான்டி நெனச்சேன். பக்கத்துலயேதான இருந்தேன்."

உடனே கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மறுபடி சேர்த்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள். திரும்பி வந்தபின் நாத்தனார் பாகூருக்குத் திரும்பும் பேச்சையே எடுக்கவில்லை. நான் பாதி, அவர் பாதி என்று காவல் இருந்தோம். பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. மூச்சு நிற்பது குறைந்து, ஒருவழியாக இல்லாமலே போனது.

"இனிமே நீ தூங்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. என்னால் முடியவில்லை. படுத்தால் காது மட்டும் பிள்ளையிடம் இருக்கும். கண் சொக்கினால் தூக்கிவாரிப் போடும்.

ஒரு மத்தியானம் நாத்தனார் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். "கண்ண எடுக்க மாட்டேன். போய்ப் படுடி."

விழித்தபோது வீட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். பதறி ஓடினேன். நாத்தனார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை மடியில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தாள்.

"நல்லாத்தான் இருக்கா," என்றார். "காலுதான் மரத்துப் போச்சு. இந்தா, புடி."