பேச்சியம்மாள் வீட்டுக்குப் பின்னால் நின்ற ஜண்டை

2006, துலாவர்ஷம் என்கிற வடகிழக்கு மழை ஓய்கிற நேரம். ஊர் சுற்ற அல்ல, ஒரு கற்குவியல் எங்கே இருக்கிறது என்று அளக்கத்தான் மலைமேல் இருக்கும் போனக்காடு போனேன். செயற்கைக்கோள் படத்தை வைத்து எங்கள் அலுவலகம் தயாரித்த வரைபடம், அங்குள்ள தேயிலைத் தொழிலாளர்களின் வரிசைவீடான லயம் ஒன்றைக் காட்டெல்லைக்குள் காட்டியது. பன்னிரண்டு குடும்பங்களுக்கும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போய்விட்டது. திங்கட்கிழமை விசாரணை. ‘பிழை ஐந்து மீட்டருக்குள்’ என்று அந்த வரைபடத்துக்குச் சான்று எழுதியவன் நான்.

வியாழக்கிழமை காலை 5.10க்கு நகரத்துத் தம்பானூர் நிலையத்தில் பேருந்து. விதுரா வழியாக 61 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், டிக்கெட் 32 ரூபாய். என் ஜிபிஎஸ் கருவியைப் பார்த்த கண்டக்டர், “எந்தா சாரே, ரேடியோவா? அங்க ஒண்ணும் கிட்டாது, கேட்டோ” என்றார்.

லயத்தில் பேச்சியம்மாள் நோட்டீஸோடு நின்றார். முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர்.

“இத வரைச்சது ஆரு சாரே?”

“நாங்கதான் அக்கா.”

“இங்க வந்து பாத்தா வரைச்சிய?”

அடுக்களைக்குப் பின்னால் கூட்டிப்போனார். கிழக்கே நாற்பது மீட்டர் தள்ளி, கல் அடுக்கிக் கட்டிய ஜண்டை. அதுதான் காட்டெல்லைக் குறி. எங்கள் வரைபடத்திலோ எல்லைக்கோடு அவர் வாசலுக்கு முன்னால் ஓடியது. ஒரு மணி நேரம் கருவியை ஜண்டைமேல் வைத்தேன். அது பத்து மீட்டர் முன்பின் காட்டும். நாற்பது மீட்டரைத் தீர்மானிக்கப் போதும்.

காரணம் எளிது. மேற்கிலிருந்து சாய்வாக எடுத்த படம் அது. அப்படி எடுத்தால் உயரமான நிலம் கிழக்கே தள்ளித் தெரியும். அறுநூறு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய நூறு மீட்டர். எல்லைக்கோடு பழைய சர்வே ஆவணத்திலிருந்து எடுத்தது, அது நகரவில்லை; வீடுகள் மட்டும் அதைத் தாண்டிக் காட்டுக்குள் போயின. நாங்கள் மாவட்டம் முழுவதையும் கடல் மட்டமாகவே எடுத்துக்கொண்டோம். சரிபார்த்த இருபது இடங்களையும் நகரத்துக்குள் பழவங்காடிக்கும் சங்குமுகத்துக்கும் இடையில், பைக்கில், ஒரே நாளில் நான்தான் அளந்தேன். அங்கே நிலம் தட்டை, பிழை தெரியவில்லை. அதிகாரிகள் வசிக்கும் இடத்தில் சரியான வரைபடம், சம்பளம் ஒழுங்காக வராத இடத்தில் நூறு மீட்டர் தப்பு. யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை நிலவரைபடத்தின் சமவுயரக் கோடுகளிலிருந்து உயரங்களை எடுத்துக் கணினிக்குக் கொடுத்து, படத்தைத் திரும்பத் திருத்தினேன். லயம் மேற்கே நகர்ந்து, ஜண்டை அடுக்களைக்குப் பின்னால் வந்து நின்றது. “நம்ம ரிப்போர்ட் தப்புன்னு நாமளே சொல்லணுமா?” என்றார் மேனேஜர். திங்கட்கிழமை விசாரணையில் சொல்லிவிட்டேன்.

விசாரணை அதிகாரி நம்பவில்லை. “நேரில் பார்க்காமல் எப்படி ஏற்பது?” என்றார்.

பேச்சியம்மாள் எழுந்தார். “வாங்க சாரே. காலம்பற அஞ்சு பத்துக்கு பஸ்ஸு.”

அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜண்டையைப் பார்த்தார். நோட்டீஸ் ரத்தானது.

போனக்காடு போகிறவர்கள் காலில் ஏறும் அட்டைக்கு உப்பும், விதுராவில் கட்டிய சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு வரைபடம் வாங்குகிறவர்கள், எத்தனை மீட்டர் பிழை என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கெங்கே அளந்தாய் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் மலை ஏறிய பஸ் டிக்கெட் ஒன்றாவது இல்லையென்றால், கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.