உபரி வந்தது, பஸ் போனது

போன மாதம் ஒரு சாயங்காலம். தொலைக்காட்சியில் வரவு செலவுத் திட்ட உரை ஓடிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய் நறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்ததைவிட வரவு அதிகமாம். உபரியாம். செய்தி வாசித்த பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு — என்னவோ அவர் வீட்டு அலமாரியில் சேர்ந்த பணம் போல.

எனக்கும் சந்தோஷம்தான். கஜானா காலியாகித் தெருவுக்கு வந்த நாடுகளைப் பற்றித் தினமும் படிக்கிறோம். நம் பெட்டியில் மிச்சம் இருக்கிறது என்றால் கசக்குமா என்ன?

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அங்கே புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் வாசலில் நின்று, சிராங்கூன் ரோடு வழியாகத் தேக்கா சந்தைக்குப் போகும் பஸ் இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது. காரணம்: பயணிகள் குறைவு. கடைசி வரி: ‘உங்கள் புரிந்துணர்வுக்கு நன்றி.’

இந்த ஊரில் யாராவது புரிந்துணர்வு கேட்டால் உடனே கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். எதையோ எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று அர்த்தம். கொடுக்கும்போது யார் நம் புரிந்துணர்வைக் கேட்கிறார்கள்?

ஒரு பஸ் போனால் என்ன, ரயில் இல்லையா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு முன் எங்கள் பக்கத்து வீட்டு காதர் நானாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நானா என்றால் அண்ணன். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மையம் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் கேட்டுப் பார்த்தார். காலியானால் சொல்கிறோம் என்றார்கள். டயாலிசிஸ் மையத்தில் இடம் எப்படிக் காலியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நானா அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவருக்கு இந்த பஸ்தான் கால். சிகிச்சை முடிந்ததும் தலை சுற்றும், முழங்கால் துவண்டுவிடும். ஏறி உட்கார்ந்து ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவார். எங்கள் நிறுத்தம் வந்ததும் கேப்டன் எழுப்பிவிடுவார் — இங்கே பஸ் ஓட்டுநருக்குக் கேப்டன் என்று பெயர். ரயிலில் போனால் இடையில் இறங்கி மாற வேண்டும், நடக்க வேண்டும், மின்படிகளில் நிற்க வேண்டும். வாரம் முழுக்க டாக்சிக்கு வழியில்லை. மனைவி ஜமீலா லாத்தா, அதாவது ஜமீலா அக்கா, பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை போட்டிருக்கிறார். கூடப் போக முடியாது. மகன் ஆஸ்திரேலியாவில்.

அன்றைக்கே லாத்தா என் கதவைத் தட்டினார்.

“நீ பேப்பர்ல எழுதுறவதானே புள்ள, இத எழுதேன். மச்சான் என்ன சொல்றாக தெரியுமா? மூணு நாளுக்கு ரெண்டு நாள் போனா போதுங்கிறாக. விடுற காரியமா அது?”

இல்லை. ஒரு நாள் விட்டால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு முட்டும்.

அப்போது லிஃப்டிலிருந்து வெளியே வந்தார் லிம் ஆன்ட்டி. எங்கள் புளோக்கின் அறிவிக்கப்படாத அதிபர். காலை உடற்பயிற்சிக் குழு, எல்லை தாண்டி ஜோகூருக்குச் சாப்பாட்டுப் பயணம் — எல்லாம் அவர் ஏற்பாடு. விஷயத்தைக் கேட்டார். இடுப்பில் கை வைத்தார்.

“நோ பீப்பள் சிட், இஸ் இட்? ஓகே. வீ ஆல் கோ சிட் லா!”

வேறு ஊராக இருந்தால் பஸ்ஸை நிறுத்துகிறார்கள் என்றதும் ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் பஸ்ஸுக்குள் உட்கார முடிவு செய்தோம்! சிங்கப்பூர்க்காரர் புத்தி வேறு எப்படி வேலை செய்யும்? மதிப்பெண் குறைந்தால் பரீட்சை சரியா என்று கேட்க மாட்டோம். டியூஷன் வைப்போம். பஸ்ஸுக்கும் டியூஷன் வைத்தோம்.

யார் யார் எந்த நேரம் என்று லிம் ஆன்ட்டி முறை போட்டுக் கொடுத்தார். பயணக் கார்டைத் தட்டி ஏறி, தேக்காவில் தட்டி இறங்கி, சும்மா திரும்பக் கூடாதே என்று காய் வாங்கிக்கொண்டு மறுபடி தட்டி ஏறுவோம். “என்னக்கா, வீட்ல விசேஷமா?” என்று கேட்டார் காய்கறிக் கடைக்காரர். எங்கள் வீட்டில் தினமும் முருங்கைக்காய். “இந்த பஸ்ஸ நீ காப்பாத்துறதுக்குள்ள நான் முருங்கை மரமா ஆயிடுவேன்” என்றார் என் கணவர்.

பஸ் நிறைந்தது. எங்களுக்கு ஒரே பெருமை. எண்ணிக்கை ஏறுகிறது, இனி எவன் நிறுத்துவான்?

இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை. தேக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். உடற்பயிற்சிக் குழு மொத்தமும் தள்ளுவண்டிப் பைகளோடு உள்ளே. நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. டயாலிசிஸ் மையத்துக்குப் பக்கத்து நிறுத்தம் வந்தது. காதர் நானா நின்றுகொண்டிருந்தார், முழங்கையில் கட்டோடு, கம்பத்தைப் பிடித்தபடி.

கேப்டன் பார்த்தார். இடமில்லை, அடுத்த பஸ்ஸில் வாருங்கள் என்று கையைக் காட்டினார். கதவு திறக்கவே இல்லை.

நான் ஜன்னலைத் தட்டினேன், கத்தினேன். பஸ் நகர்ந்துவிட்டது. நானா என்னைப் பார்த்துச் சிரித்துக் கை ஆட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்காக இந்தக் கூத்தோ அவரையே வெயிலில் நிறுத்திவிட்டு, அவர் சீட்டில் நான்... மடியில் முருங்கைக்காய்! அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“பரவால்லம்மா. பஸ் நல்லா ஓடுது பாரு” என்றார்.

அந்த வார இறுதியில் புளோக்குக்குக் கீழே கலந்துரையாடல். நாற்காலி, மைக், பொட்டலத்தில் பீஹூன் நூடுல்ஸ். பஸ் விஷயமாகப் பேச வந்திருந்த அதிகாரி நம் தமிழ்ப் பிள்ளைதான். மரியாதையான பிள்ளை. சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

“ஆன்ட்டி, நம்பர்ஸ் ஏறுனத நாங்க நோட் பண்ணோம். பட், அது ஆர்கானிக் டிமாண்ட் இல்ல.”

“ஆர்கானிக்கா? நாங்க என்ன கீரையா தம்பி?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைத் திரையில் போட்டார். வளங்களை உகந்த முறையில் பயன்படுத்துதல் என்று தலைப்பு.

விடுவேனா? “இப்பதானே உபரின்னு டிவியில சொன்னாங்க. அதுல ஒரு பஸ் ஓட்ட முடியாதா?”

“அது வேற பக்கெட், ஆன்ட்டி. சர்ப்ளஸ்ஸ அப்படி எடுத்து ஓட்டிட முடியாது. அது அடுத்த தலைமுறைக்கு.”

பின் வரிசையிலிருந்து காதர் நானா மெதுவாகக் கேட்டார். “தம்பி, நான் குவீன்ஸ்டவுன்ல அரைக்கால் சட்டை போட்டுத் திரிஞ்சப்பவும் அடுத்த தலைமுறைக்குன்னுதான் சொன்னாங்க. அந்த அடுத்த தலைமுறை நான்தானே லா?”

அதிகாரி தலையசைத்து, கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டார். கருத்துக்கு நன்றி என்றார். பிறகு அவருக்கே சங்கடமாக இருந்ததோ என்னவோ, ஒரு நல்ல செய்தி சொன்னார். எல்லா வீட்டுக்கும் இந்த வருடமும் வவுச்சர் வருகிறதாம்! சூப்பர்மார்க்கெட்டில் செல்லும், உணவங்காடியில் செல்லும்.

“பஸ் கேன் யூஸ் ஆர் நாட்?” என்றார் லிம் ஆன்ட்டி.

நாட்.

எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். வீட்டில் விருந்து என்றால் யாராவது இன்னொரு வடை கேட்டால் தீர்ந்துவிட்டது என்பார். எல்லோரும் கை கழுவியபிறகு பாத்திரத்தைத் திறந்து, “பாத்தியா, எவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கேன்!” என்று பூரித்துப்போவார். பசியோடு போனவர்களை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. அன்று மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவர் ஞாபகம் வந்தது.

சேமிக்க வேண்டாம் என்று யார் சொன்னது? சேமியுங்கள். நாளைக்கு ஓர் இடி விழுந்தால் நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸை நிறுத்தி, டயாலிசிஸ் படுக்கைக்கு வரிசையில் நிற்க வைத்து, அதில் மிஞ்சியதை உபரி என்று கூப்பிட்டால்? அது மிச்சம் இல்லை. பரிமாறாத சோறு. அதில் ஒரு கரண்டி எடுத்து வவுச்சராகக் கொடுத்துவிட்டு, நாம் கைதட்ட வேண்டும் என்று வேறு எதிர்பார்க்கிறார்கள். வெட்கமே இல்லாமல் நாமும் தட்டுகிறோம்... நானும் அந்த வவுச்சரில் எண்ணெய் வாங்கினேன்.

மாதக் கடைசியில் பஸ் நின்றது. கடைசி நாள் கேப்டன் நானாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே நானா ஒரு நாள் சிகிச்சைக்குப் போகவில்லை. “களைப்பா இருக்கு, நாளன்னிக்குப் பாத்துக்கலாம்” என்று லாத்தாவிடம் சொல்லிப் படுத்துவிட்டார். மறுநாள் காலை மூச்சு இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. லாத்தா அலறிய அலறலில் மாடியே கூடிவிட்டது. ஆம்புலன்ஸ், அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிப் படுக்கை... பிழைத்துக்கொண்டார். அந்த ஆம்புலன்ஸையும் படுக்கையையும் எந்த பக்கெட்டில் போட்டார்கள் என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும். பஸ்ஸில் மிச்சம் பிடித்ததில் அது கழிக்கப்பட்டிருக்காது. அதுதான் வேறு பக்கெட் ஆயிற்றே!

நானா வீடு திரும்பிய அன்று லிம் ஆன்ட்டி என் கதவைத் தட்டினார். இந்த முறை பஸ்ஸை நிரப்ப அல்ல. நானாவோடு ரயிலில் போய்வர எங்களுக்கு முறை போட்டிருந்தார். திங்கட்கிழமை அவர். புதன்கிழமை நான். வெள்ளிக்கிழமை என் கணவர் — முருங்கைக்காய் வாங்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு. கையைப் பிடித்து மின்படியில் ஏற்றி, மாறும் இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் அளவாகக் கொடுத்து, வீடு கொண்டுவந்து சேர்க்கிறோம். அரசாங்கம் விட்ட சேவையை ஆங் மோ கியோவில் ஒரு மாடி ஏற்று நடத்துகிறது. இதைக் கேள்விப்பட்டால் சமூக உணர்வு என்று பாராட்டி, ஒரு சான்றிதழ் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

நேற்று லிம் ஆன்ட்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். அடுத்த மாதம் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை; சில மாதங்களுக்கு ரயில் ஏற முடியாது. அதாவது, திங்கட்கிழமைக்கு ஆள் இல்லை.

நாட்டில் உபரி இருக்கிறது. எங்கள் மாடியில் இல்லை.