யோகராஜின் ஆட்டோ மேட்டில் நின்ற நாள்

கரவனெல்லவுக்கு மேலே, றப்பர் மலையில் இருக்கும் அந்தத் தோட்டத்தில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதல் கூப்பாடு யோகராஜுக்குத்தான். தோட்டத்து லொறி ஓடாமல் போன பிறகு அவனுடைய ஆட்டோதான் ஆம்புலன்ஸ். டவுனில் ஒரு கராஜில் மெக்கானிக் வேலை பழகியவன். வண்டி வழியில் மக்கர் பண்ணினாலும் சமாளித்துவிடுவான் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை.

அன்று காலை றப்பர் மரத்தில் பால் வெட்டப் போன வேலுசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவரையும் மனைவி புஷ்பத்தையும் ஏற்றிக்கொண்டு யோகராஜ் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் சட்டென்று அணைந்தது. போனில் சிக்னலும் இல்லை.

ஸ்டார்ட்டரை அழுத்தினான். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

"என்னா தம்பி ஆச்சு?" என்றாள் புஷ்பம்.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும்க்கா. இந்தா பாத்துர்றேன்."

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் கிடந்த காலத்தில், கண்ட போத்தலில் வாங்கி ஊற்றிப் பட்ட பாடு அவனுக்கு மறக்கவில்லை. வண்டி நின்றால் அவன் சந்தேகம் முதலில் பெட்ரோல் மேல்தான் போகும். குழாயைப் பிடுங்கினான். பெட்ரோல் தெளிவாக வந்தது. மனம் ஆறாமல் கார்பரேட்டரையும் கழற்றித் துடைத்து மாட்டினான். பலனில்லை.

அதற்குப் பிறகுதான் ப்ளக்கைக் கழற்றினான். அதை எஞ்சின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, புஷ்பத்தை முன்னால் வந்து ஸ்டார்ட்டரை அழுத்தச் சொன்னான். கணவரைச் சீட்டில் சாய்த்துவிட்டு வந்து அழுத்தினாள். பொறி பறக்கவில்லை. கைவசம் இருந்த புது ப்ளக்கிலும் பொறி இல்லை.

"கரண்ட்தான் வரல" என்று முணுமுணுத்தவன், வயரைத் தடவிக்கொண்டே போனான். டிரைவர் சீட்டுக்கு அடியில், இரும்பு விளிம்பில் உரசி உரசி ஒரு வயர் அறுந்து கிடந்தது. பல்லால் உறையைக் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றினான். ஸ்டார்ட்டரைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"வண்டி ஓடுதுங்க, கண்ணத் தொறங்க" என்று புஷ்பம் கணவரின் தோளை உலுக்கினாள். வேலுசாமி திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வெளியே வந்து சிங்களத்தில் சொன்னார். உயிர் போய் அதிக நேரம் ஆகவில்லை, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார். புஷ்பத்துக்கு மலை வேலைக்கு வேண்டிய சிங்களம்தான் தெரியும். அவள் யோகராஜின் முகத்தையே பார்த்தாள்.

"என்னா சொல்றாரு?"

"எவ்வளவு வெரசா வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க ஏலாதாம்க்கா."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு யோகராஜ் நோயாளிகளை ஏற்றுவதை விட்டுவிட்டான். சாமான் ஏற்றினான், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினான். காய்ச்சல் என்று யாராவது வந்தால் பிரேக் சரியில்லை என்றான். லயத்தில் ஏசினார்கள்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துப் புஷ்பமே அவன் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை, காய்ச்சலில் துவண்டு கிடந்தது.

"ஒம்மேல என்னா தம்பி குத்தம்? டொக்டரே சொல்லிட்டாருல்ல. நீயும் மாட்டேன்னா எங்களுக்கு யாரு இருக்கா?"

உண்மை அவன் தொண்டைவரை வந்தது. குழந்தை முனகியது. அவன் சாவியை எடுத்தான்.

வழி நெடுக புஷ்பம் பின்னாலிருந்து அவனை வாழ்த்திக்கொண்டே வந்தாள். அந்த மேடு வந்ததும் அவன் வண்டியை இன்னும் முறுக்கி ஏற்றினான்.