ஆயிரத்து ஐந்நூறாவது கிலோமீட்டர்

என் அக்கா புருஷன் டொய்மிக்கு எழுபத்தோரு வயதில்தான் முதல் புதுக் கார் வாய்த்தது. அதுவரை வாங்கியதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்த கார்கள். அவற்றை இவர் மேலும் தேய்த்தார். கதவு துருப்பிடித்துக் கழன்றிருக்கிறது, சீட்டில் எலி குட்டி போட்டிருக்கிறது, ஆனால் அவர் கையில் ஓர் இன்ஜின்கூடச் செத்ததில்லை. ஆயிலை ஒழுங்காக வைத்து ஒழுங்காக மாற்றுவதுதான் காரணம் என்பார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். மற்ற விஷயங்களுக்கு வாயில் கொழுக்கட்டை.

மர மில்லில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் யாரும் பேச முடியாது, அது அவருக்கு வசதியாகப் போயிற்று. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதில் இரண்டு "காபி இருக்கா?"

ஹில்க்கா அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போன பிறகு, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கயானி நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. போக நூறு கிலோமீட்டர், வர நூறு. சர்க்காரே டாக்ஸி அனுப்பும். மச்சான் வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் பழைய கார் இரண்டு தடவை நடுக்காட்டில் நின்றது. மகள் மார்கெட்டா ஹெல்சின்கியிலிருந்து போனில் பிடித்துக் காய்ச்சினாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: இன்னும் ஒரே ஒரு தடவை கார் போக முடியாமல் போனால், அன்றிலிருந்து டாக்ஸிதான். மச்சான் சரி என்றார். மறு வாரமே தன் காட்டில் ஒரு பக்கத்து மரங்களை விற்றுப் புதுக் கார் வாங்கினார்.

"எதுக்குடி அந்த ஆளுக்கு இவ்வளவு வீம்பு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"வீம்பு இல்லைடா அவுலிஸ். ஸ்டீயரிங்கைப் பிடிச்சா பேசறாருடா. போகும்போது ஒண்ணரை மணி நேரம், வரும்போது ஒண்ணரை மணி நேரம். கல்யாணமாகி நாப்பத்தாறு வருஷத்துல என்கிட்ட பேசாததெல்லாம் இப்பதான் பேசறாரு. டாக்ஸின்னா முன்னாடி ஒருத்தன் உக்காந்திருப்பானே."



கார் விற்ற பையன் முதல் ஆயில் முப்பதாயிரம் கிலோமீட்டருக்குத் தாங்கும் என்று சொல்லியிருந்தான். மச்சான் அவனைப் பாவமாகப் பார்த்தாராம். புது இன்ஜின் ஒன்றோடொன்று உரசி இரும்புத் தூள் விடும், அதனால் முதல் ஆயிலை ஆயிரத்து ஐந்நூறிலேயே கொட்டிவிட வேண்டும் என்பது அவர் வேதம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாரத்துக்கு அறுநூறு ஓடும் காருக்கு ஆயிரத்து ஐந்நூறு எவ்வளவு தூரம்? கடையிலிருந்து ஓட்டி வந்த நூறையும் சேர்த்தால், மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை.

ஆயில் தயாராக இருந்தது. இருபது லிட்டர் டின்னாக வாங்கி, சின்ன கேன்களில் பிரித்து, மூடியை இறுக்கி, நிலவறையில் நிமிர்த்தி வைத்திருந்தார். வெளிக் கொட்டகையில் வைத்தால் குளிரில் இறுகும், நீராவிக் குளியல் போடும் சௌனா பக்கம் வைத்தால் வெந்துவிடும். அதனால் உருளைக்கிழங்குக்கும் அக்காவின் ஜாம் பாட்டில்களுக்கும் நடுவில் ஆயில். பழைய கார்களில் வடித்த கறுப்பு ஆயிலும் அங்கேதான் இருந்தது, அதே மாதிரிக் கேன்களில். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு ஆகும் என்று ஒரு சொட்டையும் கொட்ட மாட்டார். அடையாளத்துக்குப் பழசின் கழுத்தில் மட்டும் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருப்பார். எழுதி ஒட்டித் தொலைக்கலாமே என்றேன். "எழுத்து அழியும் மாப்ளே, நூல் அழியாது" என்றார்.

புதன் மதியம் நான் போனபோது வேலை முடிந்திருந்தது. காரைச் சாய்பலகையில் ஏற்றி, முதல் ஆயிலை வடித்து, புது ஃபில்டர் மாட்டி, நாலரை லிட்டர் ஊற்றி, இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அளவு பார்க்கக் கம்பியை உருவியவர், உருவியபடியே நின்றுகொண்டிருந்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் தார் மாதிரி இருந்தது.

"மச்சான், பழசை ஊத்திட்டீங்க."

"தெரியுது."

"லைட் போட்டுக்கிட்டு ஊத்த வேண்டியதுதானே!"

"கேன் வாயை ஃபனல்ல கவுத்துட்டேன். நூல் இல்லை. நூல் இல்லைன்னா புதுசு."

அக்காவைக் கேட்டோம். "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றாள். "பேரனுக்கு ஸாக்ஸ் பின்னறேன், குதிகாலுக்குச் சிவப்பு நூல் பத்தலை. கேனுக்கு எதுக்கு நூல், அதுக்கென்ன குளிரவா போகுது?"

மச்சான் அக்காவைத் திட்டவில்லை. நானாக இருந்தால் திட்டியிருப்பேன். நிலவறைக்குப் போய் ஒவ்வொரு கேனையும் திறந்து பார்த்து நல்ல ஆயிலை எடுத்து வந்தார். கறுப்பை வடித்து இதை ஊற்றினார். ஆனால் ஃபில்டர் கறுப்பைக் குடித்துவிட்டிருந்தது. இன்னொன்று வர அடுத்த செவ்வாய் ஆகும்.

"கழட்டின ஃபில்டரையே திருப்பி மாட்டுங்க."

"அதுல இரும்புத் தூள்."

"சரி, இதையே வெச்சு ஓட்டுங்க. ரெண்டு மூணு தடவைல ஒண்ணும் ஆகாது."

"நீ இன்ஜினுக்குள்ள போய்ப் பாத்தியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளைக்கு வியாழக்கிழமை மச்சான்! மார்கெட்டாகிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

 மச்சான் வீட்டுக்குள் போய் போனை எடுத்தார். டாக்ஸிக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"யாருக்குங்க போன்?"

"டாக்ஸிக்கு."

"கார் ஓடாதா?"

"ஓடும். ஆனா ஆயுசு குறையும்."

"ஒழுங்கா வெச்சுக்கிட்டா எத்தனை வருஷம் ஓடும்?"

"இருபது."

"இப்படியே ஓட்டினா?"

மச்சான் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. "பதினஞ்சு."

"டாக்டர் எனக்கு எத்தனை வருஷம் சொன்னாரு?"

அது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் என்னிடம் சொன்னதே இல்லை.  மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார்.

"அஞ்சு."

"மிச்சம் பத்து வருஷம் யாரைக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

மச்சான் போனைக் கீழே வைத்தார். "கையெல்லாம் ஆயில், கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து குளியலறைக்குப் போனார். கை கழுவ அரை மணி நேரம் ஆயிற்று. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அக்காவும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் அந்தக் காரிலேயே கிளம்பிப் போனார்கள்.