மூன்றாவது இலை

பேத்தியின் பள்ளிக்கூடப் பையில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. மகாராணி காலத்து லண்டன் நாவல் ஒன்றைச் சுருக்கி, பிழிந்து, சக்கையாக்கிப் போட்டிருக்கிறார்கள். அட்டையில் கிழிந்த சட்டையோடு ஓர் அநாதைப் பையன். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் கருவாட்டு வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

ஐம்பதுகளின் தொடக்கம். துறைமுகத்தில் எனக்கு டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போட வேண்டும், அவ்வளவுதான். பெரிய மூளை எதுவும் தேவைப்படாத உத்தியோகம். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தேன். நடுவே முற்றம், ஒரே குழாய், சுற்றிலும் அறைக்கு ஒரு குடித்தனம். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் கருவாடு காயும், இன்னொரு பக்கத்திலிருந்து ரயில் கரிப்புகை வரும். அங்கே இரண்டு மாதம் இருந்தால் இரண்டுமே தெரியாமல் போய்விடும்.

இங்கிலீஷ் சரளமாக வந்தால் ஆபீசுக்குள் நாற்காலி கிடைக்கும் என்று எவனோ சொன்னதை நம்பி, மூர் மார்க்கெட்டில் ஒரு தடித்த பழைய நாவலை வாங்கினேன். அட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை, எழுதியவர் பெயரும் அவற்றோடு போய்விட்டது. தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன், ஏழைகளை அடைத்து வைக்கிற ஒரு விடுதி, பசி, அடி, குளிர் என்று போகும் கதை. பாதி வார்த்தைகள் புரியாது. புரியாத இடங்களை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். முற்றத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்ததுதான் வினையாயிற்று. "இன்னா தம்பி தனியா பேசிகினு கீற, எங்களுக்கும் சொல்லேன்" என்றாள் எதிர் அறை ரோசம்மா அக்கா. அன்று முதல் விளக்கு வைத்ததும் முற்றம் நிறைந்துவிடும்.

பனி கொட்டுவதை விளக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஐஸ் கட்டியைப் பொடித்து ஊர் முழுக்க இறைத்த மாதிரி என்று சொல்லிவைத்தேன். மீன் விற்கிற ஒருத்தி யோசித்துவிட்டு, "அப்ப அங்க மீனு கெடவே கெடாது" என்றாள், பெருமூச்சோடு. பழைய இரும்புக் கடை காதர் பாய் கதை கேட்க ஒரு முக்காலியோடு வந்துவிடுவார். "கோயில் மணி மட்டும் அடிக்கத் தெரியுது, ஒரு புள்ளைக்கு வயிறார கஞ்சி ஊத்தத் தெரியலியா அந்த ஊர்க்காரனுக்கு?" என்று என்னிடம் கோபித்துக்கொள்வார், ஏதோ நான்தான் ஊற்றாதது போல. ரோசம்மா அக்காவுக்குச் சந்தேகம் வேறு. "அம்மாம் பெரிய ஊர்ல அதுக்கு ஒரு அத்தகாரி, பெரிம்மாகாரி கூடவா இல்ல?"

அக்கா இப்படிக் கேட்கும்போது அவள் மடியில் பிலோமி படுத்திருப்பாள். ஏழெட்டு வயதிருக்கும். பக்கத்து அறைக்காரர்களின் பெண். அப்பா கடலோடு போனார், அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று அக்கா அவள் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டி வந்தாள். அக்காவுக்குக் குழந்தை கிடையாது.

அக்காவின் புருஷன் மரியதாஸ் அண்ணன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் சும்மா. பிலோமியைக் கன்னியாஸ்திரீகளின் அநாதை விடுதியில் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். விடுதி நல்ல இடம்தான்; மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் உண்டு. ஒருநாள் என்னைக் குழாயடியில் மடக்கினார். "உன் கதையால ஒரே பேஜாரா பூட்ச்சுபா. மடத்துல சேக்கலாம்னா லண்டன்ல கொண்டு போயி தள்ற மாதிரி உங்கக்கா அழுவுறா."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. கதையில் வருகிற விடுதி வேறு, நம் ஊர் மடம் வேறு என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "வேறதான். இங்க அடிக்க மாட்டாங்க, பசிக்கு சோறு போடுவாங்க. புள்ள தூக்கத்துல பயந்து எந்திரிச்சா யார் பேரச் சொல்லிக் கூப்டும்?" என்றாள். இருந்தும் அண்ணன் சொன்னதுதான் முடிவு. சூசையப்பர் திருநாள் முடிந்ததும் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

சேசுவை வளர்த்த தகப்பனான சூசையப்பர் தச்சு வேலை செய்த உழைப்பாளி அல்லவா, அதனால் துறைமுகத்து ஆட்களுக்கு அவர்மேல் தனிப் பிரியம். அந்தத் திருநாளில் மூன்று ஏழைகளைக் கூப்பிட்டு, கால் கழுவி, இலை போடுவார்கள். ஒரு கிழவர் சூசையப்பருக்காக, ஒரு பெண் மாதாவுக்காக, ஒரு குழந்தை சேசுபாலனுக்காக. எங்கள் சந்து வழக்கப்படி அந்தக் குழந்தை தாய் தகப்பன் இல்லாததாக இருக்க வேண்டும். அந்த வருடம் விருந்து எங்கள் முற்றத்தில். கிழவர் வந்தாயிற்று, ஒரு கைம்பெண்ணும் வந்து உட்கார்ந்தாயிற்று. மூன்றாவது இலைக்கு யார் என்று எவரும் யோசிக்கவே இல்லை, பிலோமிதான் இருக்கிறாளே. மரியதாஸ் அண்ணன் பிலோமியின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவளும் பாயசத்தைப் பார்த்துக்கொண்டே ஆசையாகத்தான் வந்தாள்.

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ரோசம்மா அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அவ அந்த எலைல ஒக்கார மாட்டா."

"ஏன்?"

"அது ஆத்தா அப்பன் இல்லாத புள்ளைக்குப் போட்ற எல."

"இவளுக்கு மட்டும் யாரு கீறாங்க?"

"நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வேறு குழந்தை தேடக் கிளம்பினார். காதர் பாய் கடையில் வளரும் பையனுக்குப் பெற்றவர்கள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அங்கே போய்க் கேட்டால், "எங்க புள்ளைய எதுக்குக் கூப்புடுறீங்க?" என்று திரைக்குப் பின்னாலிருந்து பாய் வீட்டம்மா கேட்டார்களாம். மீனவர் குடிசைகளில் கடலுக்கு ஆளைப் பலிகொடுத்த வீடுகளுக்குக் குறைவே இல்லை. அங்கேயும் ஒரு சித்தியோ அத்தையோ வாசலில் வந்து, "இது எம்புள்ள" என்று நின்றாள். அண்ணன் வேர்த்து விறுவிறுத்துத் தனியாகத் திரும்பி வந்தார். "ஒண்ணு கூட ஆப்டல" என்றார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. "எலைய மோந்துகினே குந்திருக்கணுமா?" என்று கிழவர் முணுமுணுத்தார்.

"எனக்கும் யாரும் இல்லியே. நான் வேணா உக்காரட்டுமா?" என்றேன். சின்ன வயதிலேயே இருவரையும் இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவன் நான்; அதை அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. மீசை வைத்த சேசுபாலனைப் பார்த்து முற்றமே சிரித்தது. காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் குனிந்து என் காலைக் கழுவினார், எனக்குக் கூசியது. சோறு போட வந்த ரோசம்மா அக்கா என் காதோரம் குனிந்து, "கை கழுவுற வரிக்குந்தான் நீ அநாத. தெரிதா?" என்றாள்.

அண்ணன் பிலோமியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். மடத்துப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. அவருக்கு மாலைக்கண் வந்த காலத்தில் துறைமுக வாசலிலிருந்து வீட்டுக்குக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் பிலோமிதான்.

முற்றம் போய்விட்டது. அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அக்காவும் அண்ணனும் காதர் பாயும் காலமாகிவிட்டார்கள். விருந்து மட்டும் வேறொரு கோயிலில் இப்போதும் நடக்கிறது. இந்த வருடம் போயிருந்தேன். குழந்தைக்காக யாரும் வெயிலில் அலையவில்லை. ஏதோ ஒரு விடுதியிலிருந்து வேனில் கொண்டு வந்து இறக்கினார்கள். ஒன்றல்ல, இருபது முப்பது பிள்ளைகள், ஒரே நிறச் சட்டையில். வரிசையாக வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளையின் கையையாவது பிடித்து எழுப்ப யாராவது குறுக்கே வருவார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லா இலைகளிலும் சோறு விழுந்துவிட்டது.