ஏழாம் கேள்விக்கு எழுதிய ‘இல்லை’

பாலத்தடி

காலை பத்து மணியளவில் நான் வேலை செய்யும் கந்தோருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. எடுத்தது நான்தான்.

“ஸ்ரெலா அக்கா, சாமானெல்லாம் தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. பாலத்தில நிக்கிறன். கெதியா வாங்கோ.”

பேசியவன் அன்ரன். போர் முடிந்து சில வருடங்களில், பள்ளிமுனையில் தன் வீட்டு முன்னறையை ஒலிப்பதிவு ஸ்ரூடியோவாக்கியவன். அவனுடைய மிக்ஸர், மைக்குகள், ஹெட்போன்கள் எல்லாவற்றுக்கும் காப்புறுதி எழுதிக் கொடுத்தவள் நான். மன்னாரில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளையில் அப்போது எனக்குப் பதினாறு வருட வேலை. படகு, மோட்டார் சைக்கிள், கடை என்று நிறைய எழுதியிருந்தேன். பாட்டுப் பதிகிற சாமானுக்கு எழுதியது அதுதான் முதல் தடவை.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்து வீதியில் ஒரு ஓட்டோ சரிந்து கிடந்தது. கழுதை ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. மன்னாரில் அது புதினமில்லை. ஓட்டுநர் வெட்டித் திருப்பியதில் ஓட்டோ புரண்டு, பின்னால் கட்டியிருந்த பெட்டிகள் கடல்நீருக்குள் விழுந்துவிட்டன. கை முறிந்த ஓட்டுநரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கழுதை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தது.

அன்ரன் போட்டிருந்த சேட்டைக் கழற்றி ஒரு மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதன் வலைக்குள்ளிருந்து உப்புத் தண்ணீர் வடிந்தது. பக்கத்தில் வங்காலைக் கோயில் பாடகர் குழுவை நடத்தும் மாஸ்டர் தலையில் கைவைத்துக் குந்தியிருந்தார். தவக்காலப் பாட்டுகளைக் கோயிலுக்குள்ளேயே பதியவேண்டும் என்று சாமான்களை ஏற்றிப்போக வந்தவர் அவர். அன்ரன் பின்னேரம் போவதாக இருந்தான்.

“என்ர மடியில வச்சுக்கொண்டு வந்திருக்கவேணும்,” என்றார் மாஸ்டர்.

“அந்த மிக்ஸரை மடியில வச்சிருந்தால் நீங்களும் இப்ப ஆஸ்பத்திரியில. விடுங்கோ மாஸ்டர்.” பிறகு அன்ரன் என் பக்கம் திரும்பினான். “கவர் இருக்குத்தானே அக்கா?”

“ஓம், இருக்கு. நீ பயப்பிடாத.”

கோப்பைப் பார்க்காமல் சொன்ன பதில் அது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் முதலில் கவனிக்கவேண்டியது இதைத்தான்.

போம் நிரப்பிய விதம்

கந்தோருக்குத் திரும்பி அவனுடைய புரோபோசல் போமை, காப்புறுதிக்கான விண்ணப்பப் படிவத்தை, எடுத்தேன். நான்கு பக்கம், ஆங்கிலத்தில். வாடிக்கையாளரிடம் விபரத்தை வாயால் கேட்டு, நாங்களே நிரப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டுக் கொடுப்போம். அதுதான் வழக்கம். நான் அதைவிட ஒரு படி தாண்டியிருந்தேன். என் எழுத்து கோழி கிளறினமாதிரி இருக்கும். மகள் நிரோஷாவின் எழுத்து அச்சுப்போல. வீட்டு மேசையில் நான் சொல்லச் சொல்ல அவளே நிரப்புவாள்.

ஏழாம் கேள்வி இது: இந்தப் பொருட்கள் வாடகைக்கோ இரவலாகவோ பிறரிடம் கொடுக்கப்படுவதுண்டா? பதில், மகளின் அழகான எழுத்தில்: இல்லை.

அந்தக் கேள்வியை நான் அன்ரனிடம் கேட்கவேயில்லை. கேட்காமலே எனக்கு விடை தெரியும். தவக்காலம் தொடங்கியதும் அவனுடைய பெட்டிகள் கோயில் கோயிலாகப் போகும். திருநாள் முடிய ஒரு வாழைக்குலையும் கடித உறையும் அவன் வீட்டுக்கு வரும். உறைக்குள் எவ்வளவு என்று அவனும் கேட்பதில்லை, கொடுப்பவர்களும் சொல்வதில்லை. வாடகை என்று அதை நினைப்பதே எங்களுக்குப் பாவம்போல. இரவல் என்றுகூட யாரும் நினைப்பதில்லை. கோயிலுக்குப் போன பொருள் வெளியே போன பொருளாக எங்களுக்குத் தோன்றாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ‘ஓம்’ என்று எழுதினால் பிரீமியம் கூடும், கொழும்பிலிருந்து வேறு கேள்விகள் வரும், பொலிசி அந்த மாதத்துக்குள் முடியாது. எனக்கு அந்த மாத இலக்குக்கு ஒரு பொலிசி குறைவாக இருந்தது. எந்தக் காரணம் முதலில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அஸெஸர் வந்த நாள்

சேதத்தை மதிப்பிட, எங்கள் பேச்சில் அஸெஸர், கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்ரூடியோவில் கதிரையில் இருந்துகொண்டு, துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த மிக்ஸரை விளக்கடித்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான். தன் வேலையைச் செய்தார்.

“மிஸ்டர் அன்ரன், ஆக்ஸிடன்ட் நடந்த நேரம் சாமான் யார் பொறுப்பில இருந்தது?”

“வங்காலைக் கோயில்காரரிட்ட சேர்.”

“அப்படி அடிக்கடி போகுமா?”

“எல்லாக் கோயிலுக்கும் போகும் சேர். முள்ளிக்குளம் வரைக்கும் போயிருக்கு.”

அஸெஸர் போமின் மூன்றாம் பக்கத்தை அவன் முன்னால் விரித்தார். “இங்க இல்லைன்னு போட்டு நீங்க சைன் பண்ணியிருக்கீங்க. இது உண்மையை மறைச்ச மாதிரி. கிளெய்ம் மட்டுமில்ல, பொலிசியே செல்லாமப் போகும். நாளைக்கு வேற கம்பனிக்குப் போனாலும் இதைக் கேப்பாங்க.”

அன்ரன் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். அதை அவன் காண்பது அதுதான் முதல் தடவை. பிறகு என்னைப் பார்த்தான். கோபமில்லை. கணக்கொன்றை மனதுக்குள் போட்டு முடிப்பவனைப்போல இருந்தது அந்த முகம்.

“நான்தான் சேர் பிழையாச் சொல்லிப்போட்டன். அக்காவுக்குத் தெரியாது.”

நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். திரும்பப் போட்டேன். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

அஸெஸர் போனபின் வாசல் படலையடியில் கேட்டேன்: “ஏன் அப்பிடிச் சொன்னனி?”

“உங்கட மனுசனுக்கு முதுகு ஏலாது, கடலுக்குப் போறேல்லை. உங்கட வேலையும் போனால் நிரோஷா என்னெண்டு படிக்கிறது?” என்றான். பிறகு சிரித்தான். “எனக்கு வலை இழுக்கக் கை இருக்கு அக்கா. இனிப் பாட்டுக்காரர் என்னைக் கடலுக்குள்ளதான் வந்து தேடவேணும்.”

அந்தச் சிரிப்புக்குப் பிறகாவது நான் அஸெஸரைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து மீன் வெட்டினேன்.

நிரோஷா கேட்டது

பன்னிரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் பின்னேரம், பாடகர் குழுப் பயிற்சியிலிருந்து மகள் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“அன்ரன் அண்ணை பொய் சொல்லிக் கையெழுத்து வச்சவராம். கம்பனி பிடிச்சிட்டுதாம். எல்லாரும் கதைக்கினம்.”

“கதைக்கிறவை கதைக்கட்டும்.”

“அந்த போமை நான்தானே எழுதினனான் அம்மா?”

நான் அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன்.

“எனக்கு ஞாபகமிருக்கு. ‘போன ஞாயிறு எங்கட கோயில்ல நிண்டது அவற்ற மைக் தானே?’ எண்டு நான் கேட்டனான். ‘கோயிலுக்குக் குடுக்கிறது சேராது, இல்லை எண்டு எழுது’ எண்டு நீங்கள் சொன்னீங்கள்.”

அது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. நான் அன்ரனிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைப் பதினேழு வயதுப் பிள்ளை என்னிடம் கேட்டிருக்கிறாள். அவளை வாய் மூடச் செய்து, அவள் கையாலேயே அந்தச் சொல்லை எழுதவைத்திருக்கிறேன். இப்போது அந்த எழுத்தின் பேரில் ஒரு மனிதனை ஊரே பொய்யன் என்கிறது. அவளுடைய படிப்புக்காகத்தான் பேசாமலிருக்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்தி வந்தேன். அவளோ என் முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கம்பனிக்குக் கடிதம் எழுத ஒற்றையை எடுத்து உட்கார்ந்தேன். அவள் பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

“என்ர பெயரையும் எழுதுங்கோ,” என்றாள். “எழுத்தைப் பாத்தால் தெரியும்தானே.”

எழுதினேன். கேள்வியை அன்ரனிடம் கேட்கவில்லை என்பதை, விடை தெரிந்தும் இல்லையென்று சொன்னதை, வாடிக்கையாளரின் போமை வீட்டில் பிள்ளையைக்கொண்டு நிரப்பியதை, அஸெஸருக்கு முன்னால் பேசாமலிருந்ததை. இரண்டு பக்கம் வந்தது.

கடிதத்துக்குப் பிறகு

கிளை மனேச்சர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“ஸ்ரெலா, உங்களுக்கென்ன விசரே? அந்தாள்தான் ஒத்துக்கொண்டிட்டாரே. ஆரும் உங்களைக் கேக்கேல்லையே.”

“அதுதான் சேர் எழுதினனான்.”

“வேலை போகும். தெரியுமோ?”

“தெரியும்.”

அவர் கடிதத்தில் ‘மேலதிக நடவடிக்கைக்காக’ என்று எழுதித் தலைமைக் கந்தோருக்கு அனுப்பினார்.

முடிவு வர நாலு மாதமானது. அந்த நாலு மாதமும் ரெலிபோன் மணி கேட்டாலே எழும்பிவிடுவேன். இப்போதும் எழும்புகிறேன். பிழை முகவருடையது, வாடிக்கையாளர் எதையும் மறைக்கவில்லை என்று கம்பனி ஏற்றுக்கொண்டது. மிக்ஸருக்கும் மைக்குகளுக்கும் நட்டஈடு கிடைத்தது. பெட்டிகளோடு தண்ணீருக்குள் போன லப்டொப்புக்கு, அது பட்டியலில் இல்லாததால், கிடைக்கவில்லை. எனக்கு இறுதி எச்சரிக்கைக் கடிதமும், இரண்டு வருடம் புதிய பொலிசி எழுதத் தடையும். வேலை போகவில்லை. போயிருந்தாலும் நியாயம் என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் இருந்ததா என்று தெரியாது. மாஸ்டர் ஒரு ஞாயிறு பூசை முடிய, அன்ரனில் பிழையில்லை என்று கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். போமை வாடிக்கையாளரின் முன்னாலிருந்து நிரப்புங்கள். ஏழாம் கேள்வியை அச்சில் இருப்பதுபோலக் கேட்டு நிறுத்தாதீர்கள். “போன திருநாளுக்கு இந்தச் சாமான் எங்க நிண்டது? ஆர் ஏத்திக்கொண்டு போனது?” என்று கேளுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இரண்டு தரம் கேளுங்கள்.

தடை முடிந்தபின் நான் எழுதிய முதல் பொலிசி அன்ரனுடையது. அவனுடைய ஸ்ரூடியோவிலேயே இருந்து, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டேன். ஏழாவதுக்கு ‘ஓம்’ என்று எழுதி, அவன் சொல்லச் சொல்லக் கோயில்களின் பெயர்களையும் எழுதினேன். கோடு போதாமல் ஓரத்திலும் எழுதவேண்டி வந்தது.

அன்ரன் எட்டிப் பார்த்தான். “அக்கா, இந்த எழுத்தைக் கொழும்பில ஆர் வாசிப்பினம்?”

“வாசிக்கேலாட்டி போன் எடுத்துக் கேக்கட்டும்,” என்றேன். “நான் சொல்லுவன்.”